அமுக்காத விரல்

ஆவுடைச்செல்விக்குக் கை சும்மா இருக்காது. பேனா கிடைத்தால் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவாள். பேருந்தில் உட்கார்ந்தால் பயணச்சீட்டைச் சுருட்டிக் குழலாக்கி, அதைப் பிரித்து மறுபடி சுருட்டுவாள். கல்யாணமான புதிதில் கணவன் ஒருநாள் காலையில் கேட்டான், "தூக்கத்துல எதை எண்ணுத?" அவளுடைய வலது கட்டை விரல் தூக்கத்திலும் மெத்தையை அமுக்கிக்கொண்டே இருந்ததாம். வேலை அப்படி. பாளையங்கோட்டையில் உள்ள காவல் மையத்தில் எட்டு வருடமாக அவள் செய்துவருவது ஒரே ஒரு காரியம்தான். சமயம் பார்த்து ஒரு பொத்தானை அமுக்குவது.

கேட்டால் சோம்பேறி உத்தியோகம் போலத்தான் இருக்கும். ஆனால் தென் மாவட்டங்களில் ஆபத்தான வேலை செய்கிற இரண்டு லட்சம் பேரின் ரத்தம் அந்த அறையில் இருந்த பன்னிரண்டு பேரின் விரலை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. கல்குவாரிக்காரர்கள், பட்டாசு ஆலைக்காரர்கள், மின்கம்பத்தில் ஏறுகிறவர்கள், விசைப்படகுக்காரர்கள் எல்லோருக்கும் வேலையில் சேருமுன் காவலூசி போட்டாக வேண்டும். ஊசி வழியே உள்ளே போகிற துகள்கள் ரத்தத்தோடு ரத்தமாகச் சுற்றிக்கொண்டு தூங்கும். காயம் பட்டால் மணிக்கட்டில் கட்டியிருக்கிற பட்டை மையத்துக்குச் சொல்லும். மையத்தில் இருப்பவர் பார்த்து அமுக்கினால், துகள்களில் மூன்றில் ஒரு பங்கு விழித்துக்கொண்டு காயத்துக்கு ஓடி அடைக்கும்.

அது தானாகவே அடைத்தால் என்ன என்று கேட்காதவர் கிடையாது. ஆரம்பத்தில் தானாகத்தான் அடைத்தது. ஆனால் வெட்டுக்காயம் எது, கபடியில் விழுந்து கன்றிப்போனது எது என்று துகளுக்குத் தெரியவில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் விழித்துக்கொண்டு, நுரையீரலில் அடைத்து நாலு பேரைக் கொண்டுபோன பிறகு, மனிதரே பார்த்து அமுக்கட்டும் என்று முடிவாயிற்று. மனிதருக்கு மட்டும் எல்லாம் தெரிந்துவிடும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்கு அவளுடைய திரை சிவந்தது. தூத்துக்குடி. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் கம்பெனி. இசிதோர், வயது முப்பத்தொன்று, இடது தொடை. கசிவு எண் ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் பெரிய ரத்தக்குழாயே கிழிந்திருக்க வேண்டும்.

அமுக்கினாள்.

வழக்கமாக நாற்பது விநாடியில் எண் இறங்கத் தொடங்கிவிடும். அன்று இறங்கவில்லை. ஐம்பது விநாடி, அறுபது, எழுபது. ஆவுடை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். விதி அவளுக்கு மனப்பாடம்: தொண்ணூறு விநாடியில் கசிவு பாதியாகாவிட்டால் இரண்டாவது முறை அமுக்கு. அதற்கும் அடங்காவிட்டால் மூன்றாவது முறை. ஊசியில் உள்ள சரக்கு அவ்வளவுதான். எண்பத்தெட்டாவது விநாடியிலேயே அவள் விரல் இறங்கிவிட்டது.

எண் கொஞ்சமும் அசையவில்லை. எட்டு வருடத்தில் அவள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, போய்ச் சேரப் பதினாலு நிமிடம் என்று திரையின் ஓரம் சொன்னது. பதினாலு நிமிடம் இந்த வேகத்தில் போனால் அள்ளிக்கொண்டு போவதற்கு ஆள் மிஞ்ச மாட்டான். அவள் ஐஸ் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

எடுத்தவர் கஸ்பார், அங்கே ஃபோர்மேன். போன தை மாதம் அவருடைய ஆட்களுக்கு முதலுதவி வகுப்பு எடுக்கப் போனவள் ஆவுடைதான். அன்றிலிருந்து அவருக்கு அவள் டீச்சரம்மா.

"கஸ்பார் அண்ணாச்சி, நான் ஆவுடை பேசுதேன்."

"டீச்சரம்மா! ஐஸ் பார் வழுக்கிட்டு வந்து ஆளைத் தள்ளிட்டு. இழுக்கிற கொக்கி அவன் தொடையிலயே இறங்கிட்டு. ரத்தம் நிக்கவே மாட்டேக்கு தாயி!"

"இறுக்கிக் கட்டுனீங்களா? என்ன செஞ்சிருக்கீங்க?"

"நீங்க சொன்னபடிதான் செஞ்சிருக்கோம். ஐஸுல வச்சிருக்கோம்."

"எதை?"

"ஆளத்தான். இடுப்பு வரைக்கும் தூளைக் கொட்டி மூடியாச்சு. இன்னும் ரெண்டு கூடை கொண்டாரச் சொல்லிருக்கேன்."

ஆவுடைக்கு அந்த வகுப்பு அப்படியே கண்ணுக்குள் வந்தது. மிஷினில் விரல் துண்டாகிப் போனால் அதை ஒரு பையில் போட்டு ஐஸில் வையுங்கள், ஆஸ்பத்திரியில் ஒட்டிவிடுவார்கள் என்று அவள் படம் போட்டுக் காட்டினாள். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் பேசிய இருபது நிமிடத்தில் அவர்களுக்குப் பிடித்த வார்த்தை அது ஒன்றுதான். கெட்டுப் போகக் கூடாத எதுவும் ஐஸுக்குத்தான் போக வேண்டும் என்பது அவர்கள் பிழைப்பு. வஞ்சிரமானாலும் இறாலானாலும் கூட வேலை பார்க்கிற சிநேகிதனானாலும், காப்பாற்ற வேண்டுமென்றால் அவர்களுடைய கை முதலில் ஐஸைத்தான் அள்ளும். அதை யோசிக்காமல் பேசிவிட்டு வந்தவள் அவள்.

திரையின் கீழ்மூலையில் உடம்புச் சூட்டைக் காட்டும் எண் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஐஸ் கம்பெனிக்காரர்களின் கை எப்போதும் சில்லென்று இருப்பதால் அந்த எச்சரிக்கை நாள் முழுக்க அலறிக்கொண்டே இருந்தது. தொல்லை தாங்காமல் அவர்களுக்கு மட்டும் அதை நிறுத்தி வைத்து ஒரு வருடமாகிறது.

"அண்ணாச்சி, ஐஸ எடுங்க! எல்லாரும் கையால வாரித் தள்ளுங்க!"

"ஐஸ எடுத்தா ரத்தம் இன்னும் பீச்சாதா?"

"பீச்சாது. ரத்தம் உறையணும்னா உடம்புச் சூடு வேணும் அண்ணாச்சி. அந்தச் சூட்டுலதான் அது நூல் நூலாப் பின்னி ஓட்டைய அடைக்கும். குளிர்ல விரல் விறைச்சா உங்களால வலையில முடிச்சுப் போட முடியுமா?"

"எங்க முடியும்?"

"ரத்தத்துக்கும் அப்படித்தான். நீங்க போட்ட ஊசிக்கும் அப்படித்தான். துண்டாப் போன விரலுக்குத்தான் ஐஸ், உசுரோட இருக்க ஆளுக்கு இல்ல. அதை நான் அன்னைக்கு ஒழுங்காச் சொல்லல. தப்பு என்னோடது. எடுங்க!"

போனுக்குள் கூடைகள் உருளுகிற சத்தமும் பலபேர் கத்துகிற சத்தமும் கேட்டன. காயத்துக்கு மேலே, இடுப்பில் கட்டிய சாரத்தைக் கிழித்துக் கட்டி, வேறொரு கொக்கியின் பிடியை உள்ளே செருகி முறுக்கச் சொன்னாள். அங்கே சூடான இடம் எது என்று கேட்டாள்.

"கம்ப்ரசர் ரூமு. உள்ள நின்னா வேர்த்து ஊத்தும்."

"அங்க தூக்கிட்டுப் போங்க. ஈரத்துணிய உருவிப் போடுங்க. ரெண்டு பேர் சட்டையக் கழத்திட்டு ரெண்டு பக்கமும் அவர ஒட்டிப் படுங்க."

"ஆவுடை." பின்னால் வந்து நின்றவர் மேற்பார்வையாளர் மாசானமுத்து. அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். பன்னிரண்டு பேருக்கும் அப்பா மாதிரி என்று சொல்லிக்கொள்வார், அப்படியேதான் நடந்தும்கொள்வார். "மூணாவது அமுக்கல? நேரம் தாண்டிப் போச்சே."

"வேண்டாம் சார். ஆள ஐஸுல புதைச்சு வச்சிருக்காங்க. மொதல்ல விழிச்ச ரெண்டு பங்கும் குளிர்ல விறைச்சுக் கிடக்கு, செத்துப் போகல. சூடு ஏறினா அது பாட்டுக்கு எந்திரிக்கும். மூணும் ஒண்ணா எந்திரிச்சா காயத்தோட நிக்காது. மிஞ்சினது மூளைக்குப் போயிரும்."

"அது உன் ஊகம். விதியில அப்படி ஒண்ணும் இல்ல."

"விதி எழுதினவங்க ஐஸ் கம்பெனிய எட்டிப் பார்த்திருக்க மாட்டாங்க சார்."

மாசானமுத்து குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லுததைக் கேளு. அமுக்காம அவன் செத்தா உன்னைக் கேப்பாங்க. அமுக்கிச் செத்தா யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க."

இதுதான் அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்த, எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத உண்மை. ஆவுடைக்கும் தெரியும். அவள் விரல் பொத்தானை நோக்கிப் போகத் துடித்தது. ஒருவன் செத்துக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுபோலக் கொடுமை வேறு இல்லை. எதையாவது செய்துவிட்டால் நிம்மதி. அந்த நிம்மதி தனக்குத்தான், அவனுக்கு இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. எழுந்தாள். இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றாள். காதில் போன் மட்டும் இருந்தது.

"கட்டியாச்சு தாயி. தூக்கியாச்சு. கம்ப்ரசர்கிட்ட வந்துட்டோம்."

"துணிய உருவுங்க."

"உருவியாச்சு. சூசையும் நானும் படுத்திருக்கோம். யேசுவே, மீனு கணக்கா சில்லுனு கிடக்கானே."

சுவரில் ஒரு பழைய நாள்காட்டி தொங்கியது. அதிலிருந்த தேதிகளை ஆவுடை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பிறகு கடைசியிலிருந்து முதல்வரை படித்தாள். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் அது எங்கே போகும் என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை.

"கசிவு குறையுதா அண்ணாச்சி?"

"குறைஞ்ச மாதிரிதான் இருக்கு. கண்ணைத் திறக்கான்! ஏல இசிதோரு, என்னைப் பாருல!"

"பேசுதாரா?"

"ஜெனோவாகிட்ட சொல்லிராதீயன்னு சொல்லுதான். ஏழு மாசம்லா அவளுக்கு, பயந்துருவாளாம்."

அறையில் யாரோ கை தட்டினார்கள். திரும்பிப் பார்த்தாள். எண் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பாதி, கால், அப்புறம் வெறும் கசிவு. ஆம்புலன்ஸ்காரர்களை அழைத்து, ஆளை மெதுவாகச் சூடேற்றுங்கள் என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லிவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். டாக்டர் களைத்த குரலில் பேசினார். "கால் தப்பிச்சிருச்சு. ஆனா வண்டியில வரும்போதே, சூடு ஏற ஏற மூளைல அடைச்சிருக்கு. வலது பக்கம் முழுசா விழுந்திருச்சு. பேச்சும் வரல."

"ரெண்டு பங்குக்கு அப்படி ஆகுமா டாக்டர்?"

"ரெண்டா? மூணு பங்கும்ல விழிச்சிருக்கு. ரெண்டோட நின்னிருந்தா இவ்வளவு மிஞ்சியிருக்காது."

பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். செவ்வாய்க்கிழமை, அவளுடைய இருக்கை, அவளுடைய பொத்தான். முதல் அமுக்கல், இரண்டாவது அமுக்கல். பதினொன்று நாற்பத்தாறுக்கு மூன்றாவது அமுக்கல். அந்த நிமிடம் அவள் நாள்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

மாசானமுத்து கேண்டீனில் இருந்தார். அவள் வந்து நின்ற விதத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மறைக்கவில்லை.

"நீ சுவத்தைப் பார்த்துட்டு நின்ன. நான்தான் எட்டி அமுக்கினேன்."

"எதுக்கு சார்?"

"ஜெபக்கனி ஞாபகம் இருக்கா? உனக்கு முன்னாடி அந்த இருக்கையில இருந்தவ. ஒரு நாள் அவளும் உன்ன மாதிரிதான் அமுக்க மாட்டேன்னா. ஆளு போயிட்டான். அவ நினைச்சது சரிதான்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள அவளக் கொலைகாரின்னு சொல்லி ஒரு வழி பண்ணிட்டாங்க. இப்ப எங்க இருக்கான்னே யாருக்கும் தெரியாது. உன்னையும் அப்படி விடச் சொல்லுதியா?"

"நான் கேட்டேனா சார்?"

"நீ கேக்க மாட்டேன்னுதான் நானே செஞ்சேன்." டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அதோட, நான் அமுக்கின பிறகுதானே எண் இறங்கிச்சு?"

"கம்ப்ரசர் ரூமுக்குக் கொண்டு போன பிறகு இறங்கிச்சு."

"ரெண்டும் ஒரே நிமிஷம் ஆவுடை."

அவளுக்கு அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது, முடியவில்லை. அவளுக்கு முதல் பிரசவமானபோது ஒரு மாதம் முழுக்க அவளுடைய முறையையும் சேர்த்துப் பார்த்தவர் அந்த மனிதர். அவர் செய்ததில் கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லை. அதனால்தான் ஆத்திரம் போக வழியில்லாமல் நெஞ்சிலேயே முட்டிக்கொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமை தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. மிகுந்த நெருக்கடியிலும் மூன்று முறையும் உரிய நேரத்தில் அமுக்கி ஒரு தொழிலாளியின் உயிரைக் காத்ததற்காக ஆவுடைச்செல்விக்குப் பாராட்டு. விதிகள் சரியாகச் செயல்பட்டிருப்பதால் மாற்றம் எதுவும் தேவையில்லை. அறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். மாசானமுத்துவும் ஒன்று எடுத்துக்கொண்டார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் லட்டைத் தொடவில்லை. கடற்கரை நெடுக எத்தனை ஐஸ் கம்பெனி என்று திரையில் தேடிப் பார்த்தாள். அறுபத்தொன்று. அத்தனையிலும் கொக்கி வைத்து ஐஸ் பார் இழுக்கிறார்கள், அத்தனையிலும் அடிபட்டவனை ஐஸில்தான் வைப்பார்கள், இங்கே யாராவது ஒருவர் விதிப்படி மூன்று முறையும் அமுக்கிவிட்டு லட்டு சாப்பிடுவார். அவளுக்கு அன்று முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து, நடந்தது நடந்தபடி தலைமையகத்துக்கு ஒரு பக்கம் எழுதினாள். வகுப்பில் தான் சொன்ன அரைகுறைப் பாடத்தை முதலில் எழுதினாள். மூன்றாவது முறை அமுக்கியது யார் என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. எழுதினாள். தபாலில் சேர்த்துவிட்டு, அங்கிருந்தே தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறினாள். எவரோ சொல்லித் தெரிவதைவிட அந்தக் குடும்பத்துக்குத் தானே சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு. இசிதோர் தலையணையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தான். கண் மட்டும் அவளைத் தொடர்ந்து வந்தது. ஜெனோவா வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் வாயின் இடது ஓரத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு சிலுவை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆவுடை தான் யார் என்று சொன்னதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அவளுடைய வலது கையைப் பற்றி, கட்டை விரலைத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"கஸ்பார் மாமா எல்லாம் சொன்னாவ. மூணு தடவ அமுக்கினியன்னு கம்பெனிக்கும் கடுதாசி வந்துச்சாமே. நீங்க இல்லன்னா இந்தப் புள்ள அப்பா முகத்தையே பாத்திருக்காது."

"உட்காருங்கம்மா. நான் ஒண்ணு சொல்லணும்." கையை விடுவித்துக்கொள்ள ஆவுடைக்கு மனம் வரவில்லை. விடுவித்துக்கொள்ளாமலே சொன்னாள். ஐஸைப் பற்றிச் சொன்னாள். வகுப்பில் தான் விட்ட பிழையைச் சொன்னாள். குளிரில் விறைத்த மருந்து சூட்டில் விழிக்கும் என்பதைத் தன்னால் முடிந்த மட்டும் எளிதாகச் சொன்னாள். "ரெண்டு தடவதான் நான் அமுக்கினேன். மூணாவது நான் அமுக்கல. அந்த மூணாவதாலதான் அவருக்குப் பேச்சு போச்சு."

ஜெனோவா இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது.

"அப்ப நீங்க அமுக்கலியா?"

"இல்ல."

"இவுக ரத்தம் போயிட்டு கிடக்கத நீங்க பாத்தியதான?"

"பாத்தேன்."

"பாத்துட்டும் அமுக்கல."

"அமுக்கியிருந்தா..." என்று ஆவுடை மறுபடி ஆரம்பித்தாள். ஜெனோவா தன் கையை எடுத்துக்கொண்டு, முந்தானையில் துடைத்தாள். கோபமாகக்கூட இல்லை. இசிதோர் தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் எழுப்பினான். அவள் குனிந்து அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். அவன் என்ன சொல்ல வந்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது ஜெனோவாவின் கண் நிறைந்திருந்தது. "உசுரு இருக்குல்லா? பேச்சு இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வரும். வராட்டியும் நான் பேசிக்கிடுவேன்." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள், "அமுக்கினவுக யாரு?"

ஆவுடை பைக்குள் கிடந்த பயணச்சீட்டை எடுத்துச் சுருட்டினாள்.

"பேரச் சொல்லுங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அவுகளுக்கு ஒரு பூசை வைக்கணும். மாதா கோயில்ல பேரு குடுத்தாத்தான் சாமியார் பூசையில வாசிப்பாவ."

ஆவுடை சொன்னாள். ஜெனோவா அதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். நீளமான பெயர், மறந்துபோகும் என்று பயந்தாளோ என்னவோ, மேஜையிலிருந்து மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினாள்.

"எழுதிக் குடுங்க."

ஆவுடை பேனாவை எடுத்து, எஸ். மாசானமுத்து என்று எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கு அந்தப் பெயரை அவள் எழுதுவது இரண்டாவது தடவை.